நாலாவது கணினியைக் கட்டியது யார்

நான் கட்டும் கணினிகளை ஏழாம் நாள் ஒருவர் பார்க்க வருவார். அவர் போனதும் கணினி நின்றுவிடும். இதுவரை மூன்று கணினிகள் அப்படிப் போயின.

அவர் நல்ல மனிதர். வெள்ளைச் சட்டை, கையில் பச்சை பைல். செருப்பை வாசலில் கழற்றி இரண்டையும் ஒட்டி வைப்பார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். பிறகு மேசைக்கு முன்னால் நின்று கேட்பார்.

“இது யாரு கட்டுனது?”

“நான்தான்.”

“அருமையா கட்டியிருக்கீங்க.”

“எல்லாம் ஒரு கைப்பழக்கம்தான்.”

பைலில் என் பெயரை எழுதிக்கொள்வார். செருப்பை மாட்டுவார். அவர் மாடிப்படி இறங்கி முடிக்கும்போது கணினியின் விசிறி நிற்கும். திரை கறுக்கும். அதன் பிறகு எந்த ஸ்விட்சைத் தட்டினாலும் வராது.

முதலாவதற்கு இமயம் என்று பெயர் வைத்திருந்தேன். இரண்டாவது வெற்றி. மூன்றாவது ராஜகம்பீரம். ராஜகம்பீரத்துக்கு உள்ளே நீல விளக்கு போட்டிருந்தேன்.

இவற்றுக்கு முன்பு பதினான்கு வருடம் ஓடிய பழைய கணினி ஒன்று இருந்தது. அதுவும் நான் கட்டியதுதான். அதைக் கட்டிய காலத்தில் பைல்காரரின் பதவி உருவாக்கப்படவில்லை, அதனால் அதை இந்த வரிசையில் சேர்ப்பதில்லை. சித்திரை மாதம் அது பணி ஓய்வு பெற்றது. தெருவே கூடிப் பொன்னாடை போர்த்தியது. இப்போது கோவில்பட்டியில் என் மைத்துனர் வீட்டில் இருக்கிறது. காலையில் நடைப்பயிற்சி போகிறதாம்.

பாளையங்கோட்டையில் பிச்சையாக்கள் நிறையப் பேர் உண்டு. அசெம்பிள் பிச்சையா ஒருவன்தான். கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயரை அப்படித்தான் போடுவார்கள். இந்தப் பெயரை நான் சும்மா வாங்கவில்லை. கணினிக்கு முன்னால் ரேடியோ கட்டியிருக்கிறேன். சைக்கிள் கட்டியிருக்கிறேன். நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி நான் செய்தது. அது லேசாக இடது பக்கம் சாயும். அதற்குத் தகுந்தபடி நான் வலது பக்கம் சாய்ந்துகொள்வேன்.

ராஜகம்பீரம் நின்ற மறுநாள் என் மனைவி செண்பகம் முடிவைச் சொல்லிவிட்டாள்.

“நாலாவது கம்பெனி செட்டு. கடைக்குப் போங்க, பெட்டியோட தூக்கிட்டு வாங்க.”

“நானே கட்டுதேன்.”

“மூணு போச்சு. கம்பெனி செட்டுக்கு அவரு வாரதில்லல்லா?”

அது உண்மைதான். கம்பெனி செட் இருக்கும் வீட்டு வாசலில் அவர் நிற்பதுகூட இல்லை. ஆனால் கம்பெனி செட் வாங்குகிறவர்கள் ஸ்க்ரூடிரைவரைத் தாலுகா ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைப்பது போலத்தான். துப்பாக்கியைத் தேர்தல் முடிந்ததும் கொடுத்துவிடுவார்கள். ஸ்க்ரூடிரைவர் திரும்பி வராது. பெயரும் போய்விடும். பெருமாள்புரத்தில் சுடலைமணி என்று ஒருவன் என் பெயருக்காகக் காத்திருக்கிறான். அவன் மொத்தமே இரண்டு கணினிதான் கட்டியிருக்கிறான், அதிலும் ஒன்றுக்கு அவன் மச்சான் டார்ச் பிடித்தான்.

அந்தப் பெயர் போனால் நான் வெறும் பிச்சையா.

எதிர் வீட்டு நம்பிராஜனிடம் யோசனை கேட்கலாம் என்று போனேன். அவர் போன ஆடியில் யூபிஎஸ் ஆகிவிட்டார். முன்பைவிட நிம்மதியாக இருக்கிறார். டிவி ஸ்டாண்டுக்குக் கீழே வைத்திருந்தார்கள்.

“இப்ப பேசமாட்டாரு அண்ணாச்சி” என்றார் அவர் மனைவி தங்கபுஷ்பம். “கரண்டு போனாத்தான் பேசுவாரு.”

கரண்ட் போகும் வரை உட்கார்ந்திருந்தேன். நல்லவேளையாகப் பதினொரு மணிக்குப் போனது.

“நம்பி, கட்டவா, வாங்கவா? கட்டலாம்னா ஒரு தடவை. வாங்கலாம்னா ரெண்டு தடவை.”

அவர் மூன்று தடவை கூவினார்.

“பேட்டரிக்குத் தண்ணி கேக்காரு” என்றார் தங்கபுஷ்பம்.

நேராக செய்யது பாய் கடைக்குப் போனேன். இருபது வருடப் பழக்கம். என்னைப் பார்த்ததும் ரேம் இரண்டும் டப்பாவுக்குள் போய் மூடியைச் சாத்திக்கொண்டன.

“பாய், ஒரு மதர்போர்டு.”

பாய் அலமாரிப் பக்கம் குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தார். முகம் வாடியிருந்தது.

“வரமாட்டேங்குது அண்ணாச்சி.”

“என்னவாம்?”

“மூணு போயிட்டாம்லா. கேள்விப்பட்டுட்டுது. நாலாவது முறைகள் ஆபீஸ்ல அனுமதிக் கடிதம் வாங்கிட்டு வரச் சொல்லுது.”

“என்னையா? அசெம்பிள் பிச்சையாவையா?”

“அதையும் சொன்னேன். அதனாலதான்ங்குது.”

மூன்று தடவை தோற்றவர்கள் நாலாவது முறைக்கு அனுமதி வாங்கும் நாலாவது முறைகள் அலுவலகம் பழைய தியேட்டர் கட்டிடத்தில் இயங்குகிறது. விண்ணப்பதாரர் தன்னைக் கைக்குழந்தையாகப் பார்த்த ஒருவரைச் சாட்சியாக அழைத்து வர வேண்டும். எனக்கு அப்படி மிச்சமிருப்பது என் கூடப்பிறந்த பேச்சியக்கா மட்டும்தான். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். சந்தையில் வாழையிலைக் கடை வைத்திருக்கிறாள். மறுநாள் காலை கடையைப் பூட்டாமல் இலைக்கட்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவளைக் கூப்பிட எனக்கு இஷ்டமே இல்லை. நான் பால்குடி மறந்த நாளிலிருந்து அக்கா என்னைக் கூப்பிடும் விதம் ஒன்றுதான்: தவிட்டுக்கு வாங்குன பய. எல்லா வீட்டிலும் அக்காமார்கள் இப்படிச் சொல்வார்கள், தம்பிகள் அழுவார்கள், பெரியவர்கள் சிரிப்பார்கள். நான் அழவில்லை. வாங்கியது என்ற சொல்லே வேண்டாம் என்று எல்லாவற்றையும் நானே செய்யத் தொடங்கினேன்.

அலுவலகத்தின் நடைகூடத்தில் நுழைந்தோம். பன்னிரண்டாம் எண் அறை கண்ணுக்கு எதிரே தெரிந்தது. வழியில் ஒரு பியூன் என்ன விஷயம் என்று கேட்டார்.

“கணினி கட்ட அனுமதி. நாலு கணினி இந்தக் கையால கட்டுனது.”

பன்னிரண்டாம் அறை முப்பதடி பின்னால் போனது. இடையில் புதிதாக ஓர் அறை வந்தது. அதில் மூன்று பேர் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நீங்கள் யார் என்றார்.

“அசெம்பிள் பிச்சையா. கேள்விப்பட்டிருப்பீங்க.”

மேலும் இரண்டு அறைகள் வந்தன, ஒன்றில் கட்டிலும் இருந்தது. நான் அசரவில்லை. எதிரே வந்த ஒவ்வொருவரிடமும் ராஜகம்பீரத்தின் நீல விளக்கைப் பற்றிச் சொன்னேன். மதியத்துக்குள் நடைகூடம் சமாதானபுரம் தாண்டிவிட்டது.

“ஏல, வாய மூடிட்டு வா” என்றாள் அக்கா. “இலை வாடுது.”

வாயை மூடினேன். நாலு எட்டில் பன்னிரண்டாம் அறை வந்துவிட்டது.

உள்ளே ஞானசெல்வம் என்ற எழுத்தர் இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். நெற்றியால்தான் படித்தார். மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

“முதல் கேள்வி அண்ணாச்சி. விண்ணப்பதாரர் பெற்றதா, வாங்கியதா?”

“கம்ப்யூட்டரா?”

“இல்ல. நீங்க.”

“பெற்றதுதான்.”

“பொய் சொல்லாதல” என்றாள் அக்கா. “தவிட்டுக்கு வாங்குனது சார் இவன்.”

எழுத்தர் பேனாவை மூடினார். “பேரு பிச்சையான்னதுமே நெனச்சேன். இடது மூக்குல தழும்பு வேற இருக்கு. வாங்கின ஆளு வாங்கத்தான் முடியும், கட்ட முடியாது. இதுவரைக்கும் கட்டுன நாலையும் கட்டாததா எழுதிருவோம்.”

“நாலையுமா?”

“ரேடியோ, சைக்கிள் ஏதும் உண்டா?”

எனக்கு அக்காவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஐம்பது வருடம் விளையாட்டுக்குச் சொன்னது போதாதா? சர்க்கார் காகிதத்திலும் ஏற்ற வேண்டுமா?

“அக்கா, சும்மா கேலிக்குச் சொன்னதுன்னு சொல்லு.”

“கேலியா? நான் எப்பல கேலி பண்ணினேன்?” அவள் இலைக்கட்டை எழுத்தரின் மேசைமேல் வைத்தாள். “சார், எழுதிக்கிடுங்க. எனக்கும் இவனுக்கும் நடுவுல மூணு பொறந்துச்சு. மூணும் தங்கல. ஒவ்வொரு தடவையும் ஏழாம் நாளு ஒருத்தரு வருவாரு. வெள்ளைச் சட்டை. தண்ணி கேட்டுக் குடிப்பாரு. இது யாரு புள்ளன்னு கேப்பாரு. எங்கம்மைக்குப் புள்ளைகன்னா அம்புட்டுப் பெருமை. எம்புள்ளதான்னு சொல்லுவா. அழகா இருக்குன்னுட்டு எழுதிட்டுப் போவாரு.”

எழுத்தர் கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார்.

“நாலாவது இவன். பொறந்த அன்னைக்கே அரிசி புடைக்கிற சுளவுல போட்டு, குப்பைமேட்டுல ஒரு உருட்டு உருட்டி, எதுத்த வீட்டு அன்னத்தாய் கையில குடுத்தாச்சு. மறுநா ரெண்டு படி தவிட்டக் கொண்டு குடுத்து அம்மையே வாங்கிட்டு வந்தா. மூக்கக் குத்தி, பிச்சையான்னு பேரையும் வச்சா. ஏழாம் நாளு அவரு வந்தாரு. யாரு புள்ளன்னாரு. எம்புள்ள இல்ல, தவிட்டுக்கு வாங்குனதுன்னு சொல்லிட்டா. அவரு போற வரைக்கும் இவனத் திரும்பிக்கூடப் பாக்கல.”

எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

“இதை ஏன் நீ எங்கிட்ட சொல்லவேயில்ல?” என்றேன்.

“சொல்லலியா? அம்பது வருசமா தெனமும் சொல்லுதேன்.”

எழுத்தர் படிவத்தைப் பார்த்தார். பெற்றது என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார். வாங்கியது என்ற கட்டத்திலும் ஒரு டிக் போட்டார்.

“ரெண்டு டிக் விழுந்தா பாரம் செல்லாது. செல்லாத பாரத்துக்கு அனுமதி தர முடியாது. அனுமதி தர முடியாததைத் தடுக்கவும் முடியாது. போய்ட்டு வாங்க அண்ணாச்சி.”

அக்கா அவருக்கு நாலு இலை கொடுத்தாள். திரும்பும்போது நடைகூடம் பத்தடிதான் இருந்தது.

எழுத்தர் சொன்னதைச் சொன்னதும் செய்யது பாய் கடையில் எல்லாச் சாமான்களும் மறுபேச்சில்லாமல் பையில் ஏறிக்கொண்டன. அன்று பிற்பகல் உட்கார்ந்து கட்டினேன்.

அந்த மாதிரி நான் அதற்கு முன் கட்டியதில்லை. பிராசஸரை வைத்தபோது அது தானாக இடம் பார்த்து அமர்ந்தது. அதன் தலையில் சூடு தணிக்கும் பேஸ்டை ஒரு பட்டாணி அளவு வைத்தேன். ஒயர்களை எல்லாம் ஒழுங்காகப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் தலை சீவிவிடுவது போல இருந்தது. ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சவில்லை. ஸ்விட்சைப் போட்டதும் விசிறி பூனை உறுமுகிற அளவுக்குத்தான் சத்தம் கொடுத்தது. பெருமையில் எனக்கு மூச்சு முட்டியது. ஜன்னலைத் திறந்து தெருவைக் கூப்பிடப் போனேன்.

அக்கா ஜன்னலைச் சாத்தினாள்.

“ஆரம்பிச்சிராத. சுளவு இருக்கா?”

சுளவில் கேபினெட் பாதிதான் அடங்கியது. இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குப் போனோம். பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று இரண்டு இருந்தன. துப்புரவுப் பணியாளர் ஒருவர் தடுத்தார்.

“மக்குமா, மக்காதா?”

“தங்கணும்னுதான் கொண்டாந்திருக்கோம்” என்றாள் அக்கா.

“அப்ப ரெண்டுக்கும் நடுவுல உருட்டுங்க.”

உருட்டினோம். பளபளவென்று இருந்த கறுப்புக் கேபினெட்டில் ஒரு கீறல் விழுந்தது. என் கன்னத்தில் விழுந்தது போல இருந்தது. அக்கா என்னை முறைத்தாள். கீறலைத் துடைக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து நேரே தங்கபுஷ்பம் வீட்டுக்குப் போய் அவர் கையில் கொடுத்தோம். அவர் அதை வாங்கி நம்பிராஜனுக்குப் பக்கத்தில் வைத்து, அவரிடமே இணைத்துவிட்டார். மறுநாள் முழுக்க நான் என் வீட்டில் இருந்தேன், கணினி எதிர் வீட்டில் இருந்தது. அதன் விசிறிச் சத்தம் இங்கே கேட்டது. நான் போய்ப் பார்க்கவில்லை.

மாலையில் செண்பகம் ரைஸ்மில்லில் இரண்டு படி தவிடு வாங்கி வந்தாள். அவளுக்கு இதில் ஒரு குறையும் தோன்றவில்லை.

“எப்படியும் வாங்குனதுன்னு ஆயிட்டுல்லா? இதத்தான நான் மொதல்லயே சொன்னேன்.”

தங்கபுஷ்பம் தவிட்டை அளந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

“ரெண்டு படிக்குத் தர முடியாது அண்ணாச்சி. ஒயரெல்லாம் எவ்வளவு நேர்த்தியா கட்டியிருக்கு, பாத்தீங்களா? மூணு படி.”

நான் பேரம் பேசவில்லை. ஓடிப்போய் இன்னொரு படி வாங்கி வந்தேன். என்னைவிட என் கணினிக்கு ஒரு படி கூடுதல். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்வரை நெஞ்சை நிமிர்த்தியே நடந்தேன்.

கேபினெட்டின் இடது பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டேன். அக்கா தன் மூக்குத்தியைக் கழற்றி அதில் மாட்டினாள். ஸ்விட்சைப் போட்டதும் திரையில் ஒரு கட்டம் வந்து பெயர் கேட்டது. என் விரல் பழக்கத்தில் ‘மாமன்னன்’ என்று அடிக்கத் தொடங்கியது. அழித்தேன். குப்பை என்று அடித்தேன். கணினி அதை ஏற்றுக்கொண்டது.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு அவர் வந்தார்.

செருப்பைக் கழற்றி ஒட்டி வைத்தார். தண்ணீர் கேட்டார். செண்பகம் சொம்பைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவருகில் நின்றுகொண்டாள். அவர் குடித்து முடித்து, சொம்பைத் தரையில் சத்தமில்லாமல் வைத்தார். மேசைக்கு முன்னால் போனார். வழக்கமாக நின்றபடியே பார்ப்பவர், அன்று என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இது யாரு கட்டுனது?”

நான்தான் என்ற பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

“தெரியலங்க.”

“உங்க வீட்டுலதான இருக்கு?”

“தவிட்டுக்கு வாங்குனது.”

“தவிட்டுக்கா?”

“மூணு படி.”

பைல் திறக்கிற சத்தம் கேட்டது.

“நான் எத்தனையோ வீடு போறேன்” என்றார். “மாவட்டத்துலயே இப்படி ஒரு வேலைய நான் பாத்ததில்ல. ஒயரப் பாருங்க, என்ன ஒரு வரிசை. கட்டுனவரு பேரச் சொன்னா மேலதிகாரி கிட்டயே சொல்லுவேன்.”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“பேரு தெரியாதுங்க.”

“பெருமாள்புரம் சுடலைமணியா இருக்குமோ?”

கடவுளே. என் காது சூடாகிப் புகைந்தது. கம்பியில் என் நகம் பதிந்தது. சுடலைமணிக்கு ஒயரை நேராகப் பிடிக்கவே தெரியாது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

எனக்குப் பின்னால் விசிறி பூனை போல உறுமிக்கொண்டிருந்தது.

“யாரா இருந்தா என்ன?” என்றேன். “குப்பைல கெடந்தது. பேரே குப்பைதான். மூக்கு வேற குத்தியிருக்கு பாருங்க.”

பேனாவை மூடும் சத்தம் கேட்டது. பைலையும் மூடினார்.

“கட்டுனவரு பெரிய ஆளுதான்” என்றார். “குடுத்து வைக்கலை அவருக்கு.”

செருப்பை மாட்டினார். மாடிப்படியில் இறங்கினார். ஒவ்வொரு படியாக எண்ணினேன். பதினெட்டு. கேட் திறந்து மூடியது. விசிறி நிற்கவில்லை.

அவர் தெருவில் நடந்து போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. எனக்குள் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. செண்பகம் அடுப்படியிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளும் மேசைப் பக்கம் பார்க்கவில்லை. அவர் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார். பள்ளிக்கூடத்தைத் தாண்டினார். வளைவில் ஒரு தடவை நின்று, எங்கள் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். நான் சும்மா தெருவைப் பார்க்கிறவன் மாதிரி நின்றேன். பிறகு அவர் வளைவில் திரும்பிவிட்டார்.

இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தேன். அதன் பிறகுதான் திரும்பி, ஆசை தீரப் பார்த்தேன்.